பெயர் வராத வரிகள்: பழைய இணையத்தளம் ஒன்றின் பிழையைத் தேடுவது எப்படி?

“இவற்ற பேரைக் காணேல்லைத் தம்பி. எடுத்துப்போட்டீங்களோ?”

2018ஆம் ஆண்டு மே மாதத்தின் முதற் கிழமையில், கிளிநொச்சியிலிருந்து ஒரு அக்கா தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. வன்னியின் சில ஊர்களில் போரில் இறந்தவர்களினதும் காணாமல் ஆக்கப்பட்டவர்களினதும் பெயர்களைத் தொகுத்து வைத்திருக்கும் சிறிய இணையத்தளம் ஒன்றை நான் பராமரித்து வருகிறேன். 2010இல் அதை உருவாக்கிய மாணவர் பிறகு வெளிநாடு போய்விட்டார். கடவுச்சொற்கள் எழுதிய கொப்பி ஒன்றோடு பொறுப்பு என் கைக்கு வந்தது. அக்காவின் கணவர் 2009 மே மாதம் காணாமல் ஆக்கப்பட்டவர். எத்தனையோ வருடமாகப் பட்டியலில் இருந்த அவருடைய வரி அன்று வெறுமையாக இருந்தது. வரிசை எண் மட்டும் தெரிந்தது.

நான் பதில் சொல்வதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டார். “ஆரும் வந்து எடுக்கச் சொன்னவையோ?”

யாரும் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் ஏன் வரவில்லை என்பது அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. “பார்த்துப்போட்டுச் சொல்லுறன் அக்கா” என்று மட்டும் சொன்னேன். பார்த்துச் சொல்ல நான்கு நாள் எடுத்தது.

எங்களிடையே இப்படியான தளங்கள் நிறைய இருக்கின்றன. ஊர் ஒன்றியங்கள், கோயில்கள், பழைய மாணவர் சங்கங்கள், நினைவுப் பக்கங்கள் என்று யாரோ ஒருவர் ஆர்வத்தில் செய்து வைத்தவை. செய்தவர் இப்போது கனடாவிலோ பிரான்சிலோ இருப்பார். தளத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்காது. ஒருநாள் பக்கம் வெறுமையாகும். அப்போது பதற்றத்தில் செய்யும் ஒரு திருத்தம், பக்கத்தில் தெரியாமற்போனதை உண்மையிலேயே அழித்துவிடலாம். எங்கள் தளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த பிழைகளை நான் தேடிய ஒழுங்கிலேயே இங்கே எழுதுகிறேன்.

பக்கம் எங்கே தயாராகிறது?

இந்தப் பழைய தளங்களிற் பெரும்பாலானவை பி.எச்.பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டவை. ரஸ்மஸ் லெர்டோர்ப் என்பவர் 1995இல் வெளியிட்ட மொழி அது. வேர்ட்பிரஸ் தளங்களும் அதிலேதான் ஓடுகின்றன. பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் எச்.ரி.எம்.எல் வரிகளுக்கு நடுவே, ஒரு தொடக்கக் குறிக்கும் ஒரு முடிவுக் குறிக்கும் இடையில், நிரல் துண்டுகள் செருகப்பட்டிருக்கும். நீங்கள் பக்கத்தைத் திறக்கும்போது சேர்வர் அந்தத் துண்டுகளை இயக்கும். அவை தரவுத்தளத்திலிருந்து பெயர்களை எடுக்கும். துண்டு இருந்த இடத்தில் விடை வைக்கப்பட்டு, அந்தப் பக்கம் உங்கள் போனுக்கு வரும். நிரல் சேர்வரிலேயே நின்றுவிடும்.

ஆகவே ஒரு பெயர் திரைக்கு வர மூன்று இடங்களைக் கடக்க வேண்டும். தரவுத்தளத்தில் அது இருக்க வேண்டும். நிரல் அதைச் சரியாக எடுத்துக் கையாள வேண்டும். உலாவி அதைச் சரியான எழுத்தாகக் காட்ட வேண்டும். எந்த இடத்தில் அறுந்தாலும் வாசிப்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: பெயர் இல்லை. மூன்றில் எந்த இடம் என்று கண்டுபிடிப்பதே பிழை தேடும் வேலையின் பெரும்பகுதி.

தொட முதல் பிரதி எடுங்கள்

முதல் வேலை, எதையும் மாற்றாமல் ஒரு பிரதி எடுப்பது. தளத்தின் கோப்புகள் ஒரு பிரதி, தரவுத்தளம் இன்னொரு பிரதி. கோப்புகளை மட்டும் எடுத்துவிட்டு எல்லாம் பத்திரம் என்று நினைப்பவர்கள் பலர். பெயர்கள் இருப்பது தரவுத்தளத்தில். கோப்புகளில் இருப்பது அவற்றை எடுத்துக் காட்டும் நிரல் மட்டுமே.

எடுத்த பிரதியைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு பெயரைத் தேடி, அது தமிழில் வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள். பிழையான எழுத்து அமைப்பில் எடுத்த பிரதியில் பெயர்களின் இடத்தில் கேள்விக்குறிகள் மட்டும் இருக்கக்கூடும். கோப்பின் அளவைப் பார்த்துத் திருப்திப்பட்டால் அது தெரியாது.

தளத்தில் தகவல் அனுப்பும் படிவம் இருந்தால், பிழை தீரும்வரை அதை மூடி விடுங்கள். பிழையான நிலையில் வந்து சேரும் புதிய தகவல்கள் ஒரு விதமாகவும் பழையவை இன்னொரு விதமாகவும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டால், பிறகு பிரிப்பது பெரிய பாடு.

வெள்ளைப் பக்கம்

எங்கள் கதை அக்காவின் அழைப்புக்குப் பத்து நாள் முன்னரே தொடங்கியிருந்தது. ஒரு காலை தளம் முழுவதும் வெறும் வெள்ளையாக இருந்தது. பிழைச்செய்தி எதுவும் இல்லை.

பி.எச்.பி நிரல் தொடர்ந்து ஓட முடியாத பிழையைச் சந்தித்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பிழைச்செய்தியை வாசகருக்குக் காட்டாதே என்று சேர்வரில் அமைத்திருந்தால் வருவது வெள்ளைப் பக்கம். காரணம் ‘எரர் லொக்’ எனப்படும் பிழைப்பதிவுக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். ஹொஸ்டிங் நிறுவனம் தரும் நிர்வாகப் பக்கத்தில் அதற்கு ஒரு இணைப்பு இருக்கும். அல்லது தளத்தின் கோப்புறைக்குள்ளேயே அந்தக் கோப்பு கிடக்கும்.

அதில் ஒவ்வொரு வரியிலும் நான்கு விடயங்கள் இருக்கும்: நேரம், பிழையின் வகை, எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி. நேரத்தைப் பார்க்கும்போது கவனம். பல சேர்வர்கள் உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு. இரவு 8 மணிக்கு நடந்த பிழை அங்கே பிற்பகல் 2.30 என்று பதிவாகியிருக்கும். ஒரே நேரத்தில் பல பிழைகள் இருந்தால் முதலாவதைப் பாருங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள். இலக்கணப் பிழை என்று வந்தால், சொல்லப்பட்ட வரிக்கு மேலுள்ள வரியையும் பாருங்கள். 40ஆம் வரியின் முடிவில் அரைப்புள்ளியை விட்டிருந்தால், நிரல் இடறுவது 41இல் அல்லது அதற்கும் கீழே.

எங்கள் பதிவில் இருந்த செய்தியின் பொருள்: ‘மைஎஸ்கியூஎல் கனெக்ட்’ என்ற கட்டளை இங்கே இல்லை. ஹொஸ்டிங் நிறுவனம் முதல்நாள் இரவு பி.எச்.பியைப் பழைய 5.3 பதிப்பிலிருந்து 7ஆம் பதிப்புக்கு மாற்றியிருந்தது. தரவுத்தளத்தோடு பேசும் பழைய ‘மைஎஸ்கியூஎல்’ கட்டளைகள் 2013இல் வந்த 5.5ஆம் பதிப்பிலேயே கைவிடப்படப் போவதாக அறிவிக்கப்பட்டவை. 2015 டிசெம்பரில் வந்த 7.0 பதிப்பில் அவை முற்றாக நீக்கப்பட்டன. எங்கள் தளத்தின் ஒவ்வொரு பக்கமும் அந்தக் கட்டளையோடுதான் தொடங்கியது.

நிறுவனத்திடம் கேட்டுப் பழைய பதிப்புக்குத் தற்காலிகமாகத் திரும்ப முடிந்தால் மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆனால் அதிலேயே தங்கிவிட முடியாது. பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. கட்டளைகளைப் புதிய ‘மைஎஸ்கியூஎல்ஐ’ வகைக்கு மாற்றினேன். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் போதும் என்று முதலில் நினைத்தேன். பழைய முறையில் கேள்வியை முதலிலும் இணைப்பைப் பிறகும் கொடுப்பார்கள். புதிய முறையில் இணைப்பு முதலில் வர வேண்டும். அந்த ஒழுங்கையும் மாற்றிய பிறகு பக்கம் திரும்ப வந்தது. பெயர்கள் வரவில்லை.

‘அம்மா’வை அளந்து பாருங்கள்

பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் கொம்பும் குறியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நின்றன. இந்தக் காட்சியைப் பார்த்ததும் எங்களுடன் வேலை செய்யும் ஒரு தங்கை, தனக்கு ஞாபகமுள்ள பெயர்களை நிர்வாகப் பக்கத்தில் திரும்பவும் தட்டச்சுச் செய்யத் தொடங்கிவிட்டார். நல்ல மனம்தான். ஆனால் ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும், கீழே பத்திரமாக இருந்த பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படுகிறது. அவரை நிறுத்தச் சொன்னேன்.

தமிழ் எழுத்துகள் தரவுத்தளத்தில் எப்படி இருக்கின்றன என்று தெரிந்தால்தான் இங்கே என்ன நடந்தது என்று விளங்கும். கணினி ‘அம்மா’ என்ற சொல்லை ஐந்து குறிகளாகப் பார்க்கிறது: அ, ம, புள்ளி, ம, அரவு. யூ.ரி.எப்-8 என்ற அமைப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வேண்டும். ஆகவே ‘அம்மா’வுக்கு 15 பைட். இடைவெளி, காற்புள்ளி, ஆங்கில எழுத்து, இலக்கம் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பைட் போதும்.

தரவுத்தளத்திடம் ஒரு சொல்லின் பைட் எண்ணிக்கையையும் குறி எண்ணிக்கையையும் தனித்தனியே கேட்கலாம். ‘அம்மா’ என்று ஏற்கெனவே பதிவாகியுள்ள ஓர் இடத்தைக் கேட்டால் வரக்கூடிய விடைகள் இவை.

5 குறி, 15 பைட் என்றால் பதிவு சரியாக இருக்கிறது. பிழை நிரலிலோ பக்கத்திலோ உள்ளது.

15 குறி, 15 பைட் என்றால் பைட்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் தரவுத்தளம் அவற்றை ‘லத்தீன்-1’ என்ற ஐரோப்பிய எழுத்து அமைப்பென்று நம்பிக்கொண்டிருக்கிறது. 2010 காலத்துத் தளங்களிற் பலவற்றின் நிலை இது. எங்களுடையதும் இதுவே.

15 குறி, 30க்கு மேற்பட்ட பைட் என்றால், தமிழ் பைட்டுகளை ஐரோப்பிய எழுத்தென்று எடுத்து யாரோ ஒருமுறை மாற்றிவிட்டார்கள். இதையும் பெரும்பாலும் மீட்கலாம்.

5 குறி, 5 பைட், பார்த்தால் எல்லாம் கேள்விக்குறி என்றால் பெயர் உண்மையில் போய்விட்டது. சேமித்த நேரத்தில் தமிழை ஏற்காத ஓர் அமைப்பு, ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டது. அதிலிருந்து எந்த நிரலாலும் பெயரைத் திரும்ப எடுக்க முடியாது.

5 குறி, 5 பைட் வந்தாலும், உள்ளே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் இருந்தால் பயப்பட வேண்டாம். அது பாமினி. பாமினியில் தட்டச்சுச் செய்தவர்களுக்கு அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி என்பது தெரியும். அதை யுனிகோட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

திரையில் கேள்விக்குறி தெரிவதால் மட்டும் பெயர் போய்விட்டது என்று முடிவு செய்யாதீர்கள். பதிவு நன்றாக இருந்து, இணைப்பின் எழுத்து அமைப்பு மட்டும் பிழையாக இருந்தாலும் திரையில் கேள்விக்குறிதான் வரும். அளந்து பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

எங்கள் 2010 நிரல் தமிழ் பைட்டுகளை ‘லத்தீன்-1’ இணைப்பின் வழியே ‘லத்தீன்-1’ அட்டவணையில் போட்டு, அதே வழியால் எடுத்தது. போன வழியும் வந்த வழியும் ஒன்றாக இருந்ததால் எட்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை. நான் புதிய நிரலில் இணைப்பை யூ.ரி.எப்-8 என்று சரியாக அறிவித்ததும், தரவுத்தளம் ஐரோப்பிய எழுத்துகளை ‘மொழிமாற்றி’ அனுப்பத் தொடங்கியது. தீர்வு இரண்டு படிகள். முதலில் அந்த நிரலை எழுத்து அமைப்பு எதுவும் அற்ற வெறும் பைட் வகைக்கு மாற்ற வேண்டும். இங்கே ‘நிரல்’ என்றது அட்டவணையின் நிலைக்குத்துப் பத்தியை. பிறகு அதை யூ.ரி.எப்-8இன் முழு வடிவமான ‘யூ.ரி.எப்-8 எம்.பி-4’ எழுத்து வகைக்கு மாற்ற வேண்டும். இடைப்படியை விட்டு நேரடியாக மாற்றினால் 30க்கு மேற்பட்ட பைட் நிலை வரும். இதை முதலில் பிரதியில் செய்து பார்த்தேன். ‘அம்மா’ 5, 15 என்று வந்த பிறகே உண்மையான தளத்தில் செய்தேன்.

தங்கை திருத்தத் தொடங்கிய நேரத்தில் சில பதிவுகள் உண்மையிலேயே கேள்விக்குறிகளாகியிருந்தன. படிவத்தில் வரும் ஒவ்வொரு தகவலும் மின்னஞ்சலாகவும் வரும்படி அந்த மாணவர் செய்து வைத்திருந்ததால், அந்தப் பெயர்களை 2010, 2011 மின்னஞ்சல்களிலிருந்து எடுத்தோம். அப்படி ஒன்றும் இல்லாதவர்கள், இணையப் பக்கங்களின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தின் வேபாக் மெசினில் தேடிப் பார்க்கலாம். பொதுவில் திறந்திருந்த பக்கமானால் கிடைக்க வாய்ப்பு உண்டு.

பதிவு எதுவும் இல்லாத பிழை

பெயர்கள் தமிழில் திரும்ப வந்தன. வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் அக்காவின் அழைப்பு.

பட்டியலை மேலிருந்து கீழ் பார்த்தபோது, வெறுமையான வரிகள் இன்னும் பல இருப்பது தெரிந்தது. ஒவ்வொன்றாகத் தரவுத்தளத்தில் பார்த்தேன். வெறுமையானவை எல்லாம் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வரிகள். இறந்தவர்களின் வரி ஒன்றுகூட இல்லை. அக்கா கேட்ட கேள்வியை நானும் என்னிடம் கேட்டேன். யாராவது உள்ளே நுழைந்து தேர்ந்தெடுத்து எடுத்தார்களோ?

இந்த இடத்தில் ஊகத்தை விட்டுவிட்டு, முன்னர் சொன்ன மூன்று இடங்களையும் ஒழுங்காகப் பார்ப்பது நல்லது. தரவுத்தளத்தில் அக்காவின் கணவரின் பெயர் முழுதாக இருந்தது. எழுத்துச் சோதனையிலும் தேறியது. அவருடைய தனிப்பக்கத்தைத் திறந்தால் பெயர் தெரிந்தது. பட்டியலில் மட்டும் இல்லை. ஆகவே பிழை, பட்டியலைத் தயாரிக்கும் நிரலில். பிழைப்பதிவில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பதிவில் எதுவும் இல்லாதபோது செய்யக்கூடியது, மதிப்பை வழியில் மறித்து அளப்பது. ஒவ்வொரு படிக்குப் பிறகும் சொற்றொடரின் நீளத்தை அச்சிடும்படி, பிரதியில் வரிகளைச் சேர்த்தேன். தரவுத்தளத்திலிருந்து வந்தவுடன் 100க்கு மேல். சுருக்கும் படிக்குப் பிறகு 100. அடுத்த படிக்குப் பிறகு 0. அந்த அடுத்த படிதான் பெயரை விழுங்கியது.

அந்தப் படி ‘எச்.ரி.எம்.எல் ஸ்பெஷல் சார்ஸ்’ என்ற பாதுகாப்புக் கட்டளை. வாசகர்கள் எழுதி அனுப்பியதில் நிரல் குறிகள் கலந்திருந்தால் அவற்றைச் செயலிழக்கச் செய்வது அதன் வேலை. அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் 2012இல் வந்த 5.4 பதிப்பு முதல், தனக்குக் கொடுக்கப்படுவது யூ.ரி.எப்-8 என்று அது எடுத்துக்கொள்கிறது. இடையில் ஒரேயொரு குறி அரைகுறையாக இருந்தாலும் முழுச் சொற்றொடரையும் விட்டுவிட்டு வெறுமையைத் திருப்பித் தரும். எச்சரிக்கை எதுவும் எழுதாது. 8.1 பதிப்பிலிருந்து, உடைந்த குறிக்கு மட்டும் ஒரு மாற்றுக்குறியைப் போட்டு மீதியைத் தருகிறது.

குறி அரைகுறையானது அதற்கு முந்தைய படியில். ‘சப்ஸ்டர்’ என்ற கட்டளையால் ஒவ்வொரு வரியையும் 100 பைட்டில் வெட்டும்படி அந்த மாணவர் எழுதியிருந்தார். அந்தக் கட்டளை பைட்டை எண்ணுமே தவிர எழுத்தை எண்ணாது. எங்கள் வரியின் அமைப்பு: பெயர், ஊர், நிலை. இறந்தவர்களுக்கு நிலை ‘மரணம்’. அது 15 பைட். அந்த வரிகள் 100ஐத் தாண்டவில்லை, வெட்டப்படவும் இல்லை. மற்றவர்களுக்கு ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’. அந்த இரண்டு சொல்லுக்கு மட்டும் 61 பைட். அந்த வரிகளே 100ஐத் தாண்டின.

வெட்டு எங்கே விழுந்தது என்பதிலும் ஒரு கணக்கு இருந்தது. அக்காவின் கணவரின் வரியில் வெட்டுக்கு முன்னால் இரண்டு காற்புள்ளி, மூன்று இடைவெளி. அவை 5 பைட். மீதி 95. அதில் 31 முழுக் குறிகளும் இரண்டு பைட் மிச்சமும். 32ஆவது குறியின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் உள்ளே நின்றன. அந்த உடைந்த ஒரு குறியால் முழு வரியும் போனது. வெட்டுக்கு முன்னால் நான்கு அல்லது ஏழு ஒற்றைப் பைட் குறிகள் இருந்த வரிகளில் மீதி மூன்றால் பிரிபட்டது. அவை தப்பின. பழைய 5.3 பதிப்பில் இந்தக் கட்டளை யூ.ரி.எப்-8ஐச் சோதிக்கவில்லை. ஆகவே வரியின் கடைசியில் ஒரு கறுப்புச் சாய்சதுரம் மட்டும் தெரிந்திருக்கும். எட்டு வருடமாக அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

பைட்டுக்குப் பதிலாகக் குறிகளை எண்ணி வெட்டும் ‘எம்.பி சப்ஸ்டர்’ என்ற கட்டளை இருக்கிறது. அதைப் போட்டால் வரி வெறுமையாகாது. ஆனால் உயிர்மெய்யின் குறியைப் பிரித்து ‘கா’வைக் ‘க’ ஆக்கிவிடக்கூடும். நாங்கள் வெட்டும் படியையே எடுத்துவிட்டோம். நீளமான வரி அடுத்த வரிக்கு மடிந்து வரட்டும். உங்கள் தளத்திலும் பெயர் வரும் இடங்களில் இந்தக் கட்டளை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

படிவத்தில் போட்டது வரவில்லையென்றால்

இன்னொரு முறைப்பாடும் அதே கிழமையில் தெரிய வந்தது. ஒருவர் தன் மகளைப் பற்றி நீளமாக எழுதி, நான்கு படங்களையும் இணைத்து அனுப்பியிருக்கிறார். ‘பெயரை எழுதவும்’ என்று படிவம் திரும்ப வந்திருக்கிறது. எழுதியது எல்லாம் போய்விட்டது. அவர் திரும்ப எழுதவில்லை.

பி.எச்.பியில் அமைப்புகளை மாற்றாதவரை ஒரு கோப்புக்கு 2 மெகாபைட், ஒரு படிவம் முழுவதற்கும் 8 மெகாபைட் என்பதே எல்லை. இன்றைய போனில் எடுத்த ஒரு படமே முதல் எல்லையைத் தாண்டிவிடும். இரண்டாவது எல்லையைத் தாண்டினால் படங்கள் மட்டுமல்லாமல், எழுதிய கடிதமும் நிரலுக்கு வராது. நிரலைப் பொறுத்தவரை அது வெற்றுப் படிவம். ஆகவேதான் பெயரைக் கேட்கிறது. ஹொஸ்டிங் அமைப்பில் இரண்டு எல்லைகளையும் கூட்டலாம். படிவத்தின் எல்லை கோப்பின் எல்லையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். நாங்கள் இன்னொன்றும் செய்தோம். எழுத்தை முதலில் சேமித்துவிட்டு, படங்களை அடுத்த பக்கத்தில் தனியாகக் கேட்கிறோம். படம் ஏறாவிட்டாலும் கடிதம் தங்கும்.

திருத்தும்போது கவனிக்க வேண்டியவை

எங்கள் தரவுத்தளத்தில் தகவல் தந்தவர்களின் தொலைபேசி இலக்கங்களும் முகவரிகளும் இருந்தன. பெயர்களைப் பகிரங்கமாக வைக்கச் சம்மதித்தவர்கள், தங்கள் இலக்கம் வெளியே போவதற்குச் சம்மதிக்கவில்லை. பிழை தேடும் நேரத்தில்தான் இவை வெளியே போகும் ஆபத்து அதிகம்.

பிழைச்செய்திகளைத் திரையில் காட்டும்படி உண்மையான தளத்தில் அமைக்காதீர்கள். கோப்புகளின் இடம், தரவுத்தளக் கணக்கின் பெயர் போன்றவை எல்லோருக்கும் தெரியும். உங்கள் கணினியில் ‘சாம்ப்’ போன்ற மென்பொருளை நிறுவி, தளத்தின் பிரதியை அங்கே ஓட விட்டுப் பாருங்கள்.

கடவுச்சொல் உள்ள கோப்பைத் திருத்த முதல், அதன் பிரதியை வேறு பின்னொட்டோடு அதே கோப்புறையில் வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பின்னொட்டு மாறினால் அது நிரல் என்று சேர்வருக்குத் தெரியாது. கேட்பவருக்கு வெறும் எழுத்தாக, கடவுச்சொல்லோடு கொடுத்துவிடும். நிரல் துண்டுகளைச் சுருக்கமான தொடக்கக் குறியோடு எழுதிய பழைய தளங்களிலும் இதே ஆபத்து உண்டு. புதிய சேர்வரில் அந்தச் சுருக்கக் குறி நிறுத்தப்பட்டிருந்தால், நிரல் ஓடாமல் அப்படியே வாசகருக்குப் போகும். முழுக் குறியை எழுதுங்கள்.

பழைய நோட்பாட் செயலியில் யூ.ரி.எப்-8 என்று சேமித்தால், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் சேரும். திருத்திய பிறகு உள்நுழைய முடியவில்லை, ‘தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன’ என்ற பொருளில் செய்தி வருகிறது என்றால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

தரவுத்தளப் பிரதியை வட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். உதவிக்கு ஒருவரைக் கேட்க வேண்டியிருந்தால், இலக்கங்களையும் முகவரிகளையும் நீக்கிய பிரதியைக் கொடுங்கள்.

நான்காம் நாள்

நான்காம் நாள் பின்னேரம் அக்காவை அழைத்தேன்.

“பேர் இருக்கு அக்கா. ஆரும் எடுக்கேல்லை. நீட்டு வரியளை வெட்டுறதுக்கு எழுதி வச்சது பிழையா வேலை செய்திருக்கு. வேற ஆக்களின்ர பேரும் அப்பிடி வராமல் நிண்டது. இப்ப பாருங்கோ.”

மகளின் போனில் திறந்து பார்த்தார். மகள் பெயரை வாசிப்பது எனக்கும் கேட்டது. பிறகு அவருடைய தனிப்பக்கத்தையும் திறந்தார்கள். இவ்வளவு காலமும் அப்படி ஒரு பக்கம் இருப்பது அக்காவுக்குத் தெரியாது.

“தம்பி, திகதி பிழை. 16 எண்டு கிடக்கு. நான் இவரைக் கடைசியாப் பார்த்தது 17 காலமை.”

தகவல் தந்தது வேறோர் உறவினர் என்று பதிவில் இருந்தது. அக்கா சொன்னதை எழுதி, யார் சொன்னது, எந்த நாள் சொன்னது என்பதையும் குறித்துக்கொண்டேன். தரவுத்தளத்தின் பிரதி ஒன்றை எடுத்தேன். பிறகு 16ஐ 17 ஆக்கினேன்.